பாருக்குள் தலை நுழையும் முன்

செவுளுக்குப் பின்னால் கொக்கியை இறக்கி ஷேக் பரீத் ஒரே தூக்காகத் தூக்கினார். படகுக்குள் விழுந்த இருபது கிலோ களவா மீன் வாலால் பலகையை அறைந்தது. கட்டையால் அதன் நெற்றியில் மூன்று போடு போட்டார். ரத்தம் இராஜாங்கத்தின் லுங்கிவரை தெறித்தது.

“பாத்துக்கிட்டீங்களாண்ணே? கடிச்சதும் மூச்சு விடாம பத்து இழுப்பு இழுக்கணும். அடியில பாறைத் திட்டு கெடக்கு, அதத்தான் பாருன்னு சொல்றது. அதுக்குள்ள தலைய நுழைச்சிட்டா மீன மறந்துட வேண்டியதுதான். நான் எஞ்சினப் போட்டு படக வெளிய எடுப்பேன். தூண்டி நரம்ப மட்டும் கையில சுத்தாதீங்க.”

இராஜாங்கம் நீடாமங்கலத்தில் முப்பது வருஷம் மாடு கட்டி உழுதவர். டிராக்டர் வந்து மாட்டையும் அவரையும் சேர்த்தே வயலைவிட்டு அனுப்பியது. வேதாரண்யத்தில் பரீத் படகில் இது மூன்றாம் நாள். இன்றைக்கு ஒரு மீனையாவது தானே ஏற்றினால்தான் வேலை. காளையைவிடவா மீன் முரடு என்று மனுஷனுக்கு ஒரு மிதப்பு வேறு.

அடுத்த மீன் கடித்தது. எட்டு இழுப்பு இழுத்துவிட்டார். ஒன்பதாவதில் நரம்பு வழுக்கி உள்ளங்கையைக் கிழித்தது. முரட்டு மாட்டுக் கயிற்றைப் பிடிப்பதுபோல, கை தானாகவே நரம்பை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டது.

எஞ்சின் பக்கம் திரும்பியிருந்த பரீத் வேகத்தைக் கூட்டினார். கீழே மீன் பாருக்குள் தலையை நுழைத்துவிட்டது, மேலே படகு விலகி ஓடுகிறது. நடுவில் இராஜாங்கத்தின் விரல்கள். நரம்பு எலும்புவரை இறங்கியது. ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். ஆனால் சுற்றியது தெரிந்துவிடுமே! பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். மணிக்கட்டு படகு விளிம்பில் மோதி முறிந்தது.

அந்தச் சத்தத்தில்தான் பரீத் திரும்பினார். பாய்ந்து வந்து நரம்பை அறுத்தார்.

“என் மீனு!” இராஜாங்கம் இடது கையால் கட்டையை எடுத்து அவர் நெற்றியில் ஓங்கி அடித்தார்.

அடித்த பிறகுதான் தன் வலது கையைப் பார்த்தார். இரண்டு விரல்கள் தோலில் தொங்கின. பரீத் தன் ரத்தத்தைக்கூடத் துடைக்காமல் துண்டை அவிழ்த்து அந்தக் கையை இறுக்கிக் கட்டினார். இராஜாங்கத்துக்கு வெட்கத்தில் அழுகை வந்தது.

“தெரியாம அடிச்சிட்டேன் பாய். கை ஆறுனதும் வரட்டுமா?”

பரீத் படகைக் கரைப் பக்கம் திருப்பினார். “அடிச்சது போகட்டும்ணே. ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிட்டுப் போறேன். ஆனா சுத்துனத எங்கிட்ட சொல்லாம நின்னீங்க பாருங்க... உங்கள வச்சுக்கிட்டு நான் கடலுக்கு வர முடியாது.”