ஆறு பேட்டரிகளும் ஓர் அறையும்

“இந்த நிலா முடியிற வரைக்கும்தான் மொங்கியா, அப்புறம் துறைமுகத்துலயே ஒரு கொட்டகை பார்த்துடறேன்” என்றான் லம்ஜெத், “எந்த நிலான்னு சொல்லலையே நீ” என்று அவள் கேட்டாள், இரண்டு பேருமே சிரித்தார்கள், கல்யாணமாகி ஒன்பதாம் நாள் அது, சிரிக்காமல் என்ன செய்வார்கள்... படகின் ஆறு பேட்டரிகளும் ஜன்னலோர அறையில் வந்து இறங்கியது அன்றைக்குத்தான். ஏழு வருஷமாகிறது. போன வருஷம் துறைமுகத்தில் கொட்டகையும் கிடைத்தது, ஒரே வாரத்தில் அதற்குள்ளிருந்து இரண்டு பேட்டரிகளை எவனோ தூக்கிக்கொண்டு போனான், புதிதாக இரண்டு வாங்கினான், மறுபடியும் ஆறும் வீட்டுக்கே வந்துவிட்டன. விடியும்போது தள்ளுவண்டியில் அவற்றைக் கொண்டுவந்து போட்டுவிட்டு அவன் பக்கத்து அறையில் விழுந்து தூங்குவான், அவள் சார்ஜில் போடுவாள், முனைகளில் பூத்திருக்கும் பச்சையை வெந்நீர் விட்டுத் தேய்ப்பாள், கிரீஸ் தடவுவாள், பிற்பகல் அஸர் தொழுகைக்கு அழைக்கும் நேரத்தில் அவன் எழுந்து அவற்றை வண்டியில் ஏற்றுவான். கடலில் அவன் அவற்றில் விளக்கெரித்து மத்தி மீனை வரவழைக்கும் ராத்திரிகளில் அவள் தனியாகப் படுத்திருப்பாள். ஒருவர் விழித்திருக்கும்போது மற்றவர் தூங்குகிற குடும்பம், நடுவில் கால் மணி நேரம், அதிலும் எந்த செல் இறங்கியிருக்கிறது, எந்த ஒயர் சூடாகிறது என்ற பேச்சு... இப்படியும் ஒரு பேச்சா?

உலையின் மேல் கோதுமை ரவைக் குஸ்குஸ் ஆவியில் வெந்துகொண்டிருந்தது. மொங்கியா மத்தியின் தலையைக் கிள்ளிக் குடலை உருவினாள், கை அதுபாட்டுக்கு வேலை செய்தது, காதில் மட்டும் காலையில் தம்பி ஃபெத்தி போனில் சொன்னது திரும்பத் திரும்பக் கேட்டது. “நாளைக்குக் காலையில அப்பாவைக் கொண்டுவந்து விட்டுடறேன் அக்கா. என் வீட்டுக்காரிக்கு இது ஒன்பதாம் மாசம், ராத்திரியெல்லாம் அவர் இருமறாரு, யாருக்கும் தூக்கமில்ல. நீ மச்சான்கிட்ட சொல்லிட்டேதானே?” சொல்லிவிட்டேன் என்றாள். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். நாலு மாதமாகச் சொல்லத்தான் பார்க்கிறாள். நிலா வாரம் வரட்டும் என்று இருப்பாள், பௌர்ணமியை ஒட்டி வானமே வெளிச்சமாக இருக்கும்போது மீன் விளக்குக்கு வராது, படகுகள் கரையில் நிற்கும், லம்ஜெத் ஊர் உலகத்து ஆண்களைப்போல ராத்திரியில் தூங்குவான், காலையில் முற்றத்தில் உட்கார்ந்து காபி குடிப்பான், அவள் பின்னால் சமையலறை வரை வந்து வம்பளப்பான். அந்த ஏழு நாளில் எந்த நாளைக் கெடுப்பது? அடுத்த நிலாவில் சொல்லலாம், அடுத்த நிலாவில்... இதோ அமாவாசை, நாளைக்கு அப்பா. அப்பாவுக்கு இளைப்பு. அந்தப் பேட்டரி நாற்றத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் அவளுக்கே தொண்டை கமறும், அவர் எப்படி மூச்சு விடுவார்? இருப்பதோ மூன்று அறை. ஒன்றில் இவர்கள், ஒன்றில் அடுப்பு, மூன்றாவதில் பேட்டரி.

ஏதோ கொதிக்கிற சத்தம். குஸ்குஸ் இல்லை. சார்ஜ் ஏறும்போது முனகுவதுபோல ஒரு சத்தம் வழக்கமாக வரும், இது அதைவிடப் பெரிது... கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். இரண்டு பேட்டரிகளின் வாயிலும் நுரை பொங்கி, பக்கவாட்டில் வழிந்து, பாயின் ஓரத்தைத் தின்றுகொண்டிருந்தது. சார்ஜரைப் பிடுங்கினாள், ஜன்னலை அகலத் திறந்தாள். சார்ஜ் ஏறி முடிந்த பிறகுதான் தண்ணீர் ஊற்ற வேண்டும், முன்னாலேயே நிறைய ஊற்றினால் சூட்டில் பொங்கி அமிலமாக வழியும், விளக்குப் படகுக்காரன் பெண்டாட்டி எவளுக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஃபெத்தி பேசப் பேச இவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறாள், கழுத்து வரைக்கும். கவனமில்லாமல்தானா? இல்லை, இவை கெட்டுத் தொலையட்டும் என்று உள்ளே எங்கோ ஒருத்தி... சே. ஆப்பசோடா டப்பாவைக் கொண்டுவந்து தரையில் கொட்டினாள், அது சீறியது, முழங்காலிட்டுத் துடைத்தாள், விரல் எரிந்தது, எழுந்திருக்க வேண்டுமே என்று நினைத்தபோதே இடுப்பு வலித்தது.

“என்ன, கடல் வீட்டுக்குள்ளயே வந்துடுச்சா?” லம்ஜெத் வாசலில் நின்றான், கன்னத்தில் தலையணை மடிப்பின் கோடு.

“தண்ணிய முன்னாடியே ஊத்திட்டேன்.”

“நீயா? இதையே நான் பண்ணியிருந்தா இன்னிக்கு எனக்குச் சோறு கிடைச்சிருக்காது.” அவன் குனிந்து அவள் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டான். “விரலைக் காட்டு... போ, குழாயில பிடி. நாலு பேட்டரி போதும் இன்னிக்கு, ஒரு விளக்கைக் குறைச்சுக்கறேன். மீன் என்ன எண்ணிப் பார்த்துட்டா வரப்போகுது?”

கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தினால் இவளும் கத்தி, அந்தச் சூட்டில் சொல்லியிருப்பாள். குழாயடியில் விரலை நீட்டிக்கொண்டு நின்றபோது உள்ளே அவன் தரையைத் துடைக்கும் சத்தம் கேட்டது, முடியாது என்று சொல்கிறவன் இல்லை இவன், ஒருநாளும் சொன்னதில்லை, அப்படியானால் நாலு மாதமாக எதற்குப் பயந்தாள்? சரி என்று சொல்லிவிடுவானே என்றுதான். சரி என்பான், பேட்டரிகளைத் துறைமுகத்துக்கே கொண்டுபோவான், மறுபடியும் திருடு போகக்கூடாதென்று பகலெல்லாம் அவற்றின் பக்கத்தில் படகிலேயே படுத்துக்கொள்வான், பக்கத்து அறையிலிருந்து வருகிற அந்தக் குறட்டையும் இல்லாமல் போகும், இந்த ஏழு வருஷத்தில் புருஷன் என்று அவளுக்குக் கிடைத்ததே அதுதானே... இந்தப் பேட்டரிச் சனியன்களா இத்தனை நாளாக அவனை வீட்டுக்குக் கூட்டிவந்தன?

தூரத்தில் அஸர் பாங்கு ஆரம்பித்தது. அவன் ஒரு பேட்டரியை இரண்டு கையாலும் தூக்கி இடுப்பில் அணைத்துக்கொண்டு வெளியே வந்தான். அவள் குழாயை மூடினாள்.

“லம்ஜெத், நாளைக்குக் காலையில அப்பா வர்றாரு. இனிமே இங்கதான் இருப்பாரு. அந்த ரூமைக் காலி பண்ணிக் கொடு.” அவன் வாயைத் திறந்தான், அவள் விடவில்லை. “பேட்டரி எங்க வேணும்னாலும் போகட்டும். நீ மட்டும் தூங்கறதுக்கு இங்கயே வா.”