மேடும் பள்ளமும்

புதிய இனமாகத்தான் இருக்கும் என்று வீட்டில் வாய் விட்டதுதான் அவள் செய்த தப்பு.

அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில், கல்லில் பதிந்த நகமளவு இறக்கை ஒன்றோடு அவள் மாதக்கணக்கில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கணவன் சைக்கிள் கடைக்காரன். பஞ்சர் ஒட்ட வந்தவர், காற்றடிக்க வந்தவர், சும்மா வழி கேட்க வந்தவர் என்று ஒருவர் விடாமல், “ஒரு பூச்சிக்கு என் பேரை வைக்கப்போறாங்க” என்று தண்டோரா போட்டுவிட்டான்.

இப்போது பூச்சி காலை வாரிவிட்டது. இறக்கை நரம்புகள் மேடும் பள்ளமுமாக மாறி மாறி ஓடும். அதை வைத்துத்தான் எது எந்த நரம்பு என்று சொல்வார்கள். அவள் எடுத்த படத்தில் மேட்டு நரம்பு மூன்றாகக் கிளைத்தது. என்றைக்கோ பெயர் வைத்து முடித்த ஒரு பூச்சிக்கும் அச்சு அசலாக அதேதான்.

கணவனுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

“போனா போகுது விடு. பூச்சிக்கு என் பேர் பிடிக்கலையாம்னு சொல்லிக்கிறேன்” என்று சிரித்தான். அந்தச் சிரிப்பில் காற்று இறங்கியிருந்தது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மேஜையில் விளக்கைக் காணோம்.

“தும்பி அண்ணா! என் லைட் எங்க?”

தட்டான்களையே ஆராய்வதால் தும்பி என்று பெயர் வாங்கியவர் பக்கத்து அறையிலிருந்து குரல் கொடுத்தார். “என் பல்பு போயிடுச்சும்மா. நீதான் துக்கத்துல இருக்கியே, இருட்டு போதாதா?”

“நல்லா இருப்பீங்க!”

முணுமுணுத்துக்கொண்டே கல்லை ஜன்னலோரம் நகர்த்தினாள். இடப்பக்க ஜன்னல் வெளிச்சம் மேலிருந்து விழுந்தது. குனிந்து பார்த்தாள். மேடெல்லாம் பள்ளம், பள்ளமெல்லாம் மேடு!

இடப்புறம் மேலிருந்து வெளிச்சம் விழப் படமெடுப்பதுதான் இந்தத் தொழிலின் வழக்கம். அவளோ இடக்கைக்காரி. வரையும்போது கை நிழல் விழக்கூடாதென்று விளக்கை வலப்பக்கம் தாழ வைத்துப் பழகியவள். படத்தையும் அதே வெளிச்சத்தில் எடுத்துத் தொலைத்திருக்கிறாள். வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று நம்பும் கண், பள்ளத்தை மேடாகப் பார்த்து ஏமாந்துவிட்டது.

மெல்லிய ஊசியால் அந்த நரம்பைத் தொட்டுப் பார்த்தாள். முனை உள்ளே இறங்கியது. பள்ளமேதான். பள்ள நரம்பு மூன்றாகக் கிளைக்கும் பூச்சி?

தும்பியும் அவளும் அலமாரியைத் தலைகீழாக்கித் தேடினார்கள். அப்படி ஒன்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

“புதுசுதாம்மா. லைட்டைத் திருடினவன் பேரை வெச்சிடு.”

“திருடனுக்கெல்லாம் பூச்சி கிடையாது, போங்கண்ணா.”

மறுபடி போன் போட்டாள். கேட்டதும் அவன் போட்ட கூச்சலில் கடையில் ஏதோ உருண்டு விழுந்தது.

“நிஜமாவா? பாக்க எப்படி இருக்கும்?”

“இறக்கைதான் கிடைச்சிருக்குங்க. முகம் எப்படியோ, தெரியாது.”

“தெரியாத வரைக்கும் நல்லது. தெரிஞ்சா என் முகத்தோட ஒப்பிடுவாங்க.” பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான்: “அப்படி ஒப்பிட்டா யாருக்கு அவமானம்னு சொல்லு பாப்போம்?”

“பூச்சிக்குத்தான்” என்று சொல்லிவிட்டு, அவன் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் எழுதத் தொடங்கினாள்.