நாற்காலி நனைந்த இடம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே தையல்காரி ஷூ கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு அவளுடைய கடை பூட்டியே கிடந்தது. கடை மாடியில். படிகள் செங்குத்து. வாடகைக்கு விட்டுவிடலாம் என்று கணவன் பேச்செடுத்தான். நாத்தனார் ஒத்து ஊதினாள். தையல்காரி பந்தயம் கட்டினாள். காட்டுப்பாதையில் சுனை வரை நடப்பாள். வழியில் உட்கார மாட்டாள். சுனைத் தண்ணீரை அள்ளிக் குடிப்பாள். செய்துவிட்டால் மறுநாளே கடை திறக்கும். முடியாவிட்டால் சாவியை அவளே கொடுத்துவிடுவாள்.

கணவன் பேக்கரியில் அடுப்பு வேலை பார்ப்பவன். அதிகம் பேச மாட்டான். மடக்கு நாற்காலி ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான்.

"அது எதுக்குங்க?"

"சும்மா. நான் உக்கார."

"பொய்யையாவது ஒழுங்கா சொல்லுங்க."

கூடவே கிளம்பியிருந்த நாத்தனார் இடையில் புகுந்தாள். ஆஸ்பத்திரியில் வேலை அவளுக்கு. "அண்ணி, எங்க டாக்டர் என்ன சொன்னாருன்னா..."

"நீ அங்க டோக்கன்தானம்மா குடுக்குற?"

மரப்பாலம் வரை பாதை சமமாக இருந்தது. அதைத் தாண்டியதும் ஏற்றம். வேர்களும் கற்களுமாகப் பாதை மேலேறியது. முழங்கால் முனகத் தொடங்கியது. ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாத்தனாருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

"அண்ணே, நாற்காலிய விரி."

கணவன் பாதி விரித்துவிட்டான்.

தையல்காரி தன் கால்களைப் பார்த்தாள். இதுவரை காலைத் தூக்கித் தூக்கி வைத்திருந்தாள். மிஷின் மிதிக்கும்போது யாரும் காலைத் தூக்குவதில்லை. குதிகால் அழுத்தும், பிறகு நுனிக்கால் அழுத்தும். அவ்வளவுதான். மரத்தை விட்டாள். குதிகால், நுனிக்கால். குதிகால், நுனிக்கால். நெருக்கமான சின்னத் தையலாகப் போட்டுக்கொண்டே ஏறினாள். வலி இருந்தது. ஆனால் பின்தங்கியே வந்தது.

"என்ன அண்ணி, கோழி மாதிரி நடக்குறீங்க?"

"கோழி தடுக்கி விழுந்து நீ பாத்திருக்கியா?"

கணவன் நாற்காலியை மடக்கினான்.

பாறைகளுக்கு நடுவே ஒரு பள்ளம். அங்கே பாதை நின்றது. சுனை என்று பலகை சொன்னது. பள்ளத்தில் கூழாங்கற்கள் கிடந்தன. ஒவ்வொரு கல்லின் வரியும் தெரிந்தது. ஒரு பழுத்த இலையின் நரம்பு தெரிந்தது. தண்ணீரைத்தான் காணவில்லை.

"ஐயோ, வத்திப்போச்சே!" என்றாள் நாத்தனார். குரலில் பெரிய வருத்தம் இல்லை. "தண்ணி குடிச்சாத்தானே கணக்கு? பந்தயம் செல்லாது அண்ணி."

தையல்காரி பள்ளத்தையே பார்த்தாள். பூட்டிய கடையும், துணி போர்த்திய மிஷினும் கண்ணில் வந்து நின்றன.

"இவ்வளவு தூரம் வந்ததே பெருசு," என்றான் கணவன். "உக்காரு." பள்ளத்தில்தான் தரை சமமாக இருந்தது. நாற்காலியை விரித்துப் பிடித்துக்கொண்டு, கூழாங்கற்கள் மேல் காலை வைத்தான்.

தொடை வரை போய்விட்டான்.

"ஐயோ! ஐஸு, ஐஸு!"

பள்ளம் முழுக்க வட்டம் வட்டமாக ஒளி உடைந்தது. நாற்காலி அடியில் போய்ப் படுத்தது. அதற்குப் பக்கத்தில், ஓரிடத்தில் மட்டும், மணல் கொதிப்பதுபோல் துள்ளிக்கொண்டிருந்தது. தண்ணீர் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சுத்தமாக.

தையல்காரி சிரித்தாள். காடு கேட்கச் சிரித்தாள்.

மண்டியிட முடியாது. ஒரு கையால் பாறையைப் பிடித்தாள். நல்ல காலை முன்னால் வைத்து இடுப்பை வளைத்தாள். ஒரு கை அள்ளிக் குடித்தாள். பல் கூசியது. இன்னொரு கை. அடுத்ததை அப்படியே நாத்தனார் முகத்தில் வீசினாள்.

"இது செல்லுமா?"

நாத்தனார் முகத்தை வழித்தாள். கோபப்படப் பார்த்தாள், முடியவில்லை. "செல்லும் தாயே, செல்லும்! நாளைக்கு முதல் வேலையா என் யூனிஃபார்மத் தைச்சுக் குடுங்க."

கணவன் கரையேறி பேண்ட்டைப் பிழிந்துகொண்டிருந்தான். தையல்காரி நிமிர்ந்தாள். பாறைக்குப் பின்னால் ஒற்றையடித் தடம் ஒன்று வளைந்து மேலே ஏறுவது அப்போதுதான் கண்ணில் பட்டது.

"ஏங்க, இது எங்க போகுது?"