மூன்று தட்டு

மகள் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வருவதற்கு முந்தின நாள் அவர் குளியலறைக் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றினார். நான்கு திருகாணிகள். மூன்று சொன்னபடி கேட்டன. நான்காவது துருவேறிப் பிடித்த பிடியை விடவில்லை. ஒரு வழியாகப் பிடுங்கியபோது மரத்தில் ஒரு சில்லும் கூடவே வந்தது. ஓட்டைகளைச் சோப்பை அழுத்தி அடைத்தார். தாழ்ப்பாளைப் பழைய டீத்தூள் டப்பாவில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்தார்.

கதவோரத்தில் ஏற்கெனவே ஒரு தகரப் பட்டை அடித்திருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் அவர் தோளால் இடித்து உடைத்த இடம் அது. அன்றைக்கு உள்ளே மகள் தரையில் கிடந்தாள், குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு விடிய விடிய ஃபோன் எடுத்துப் பேசும் வேலை. முதலில் தூக்கம் வராமலிருக்க ஒரு மாத்திரை, பிறகு தூங்குவதற்கு ஒரு மாத்திரை, அப்புறம் எதற்கென்றே தெரியாமல் என்னென்னவோ என்று இரண்டு வருஷம் ஓடிவிட்டது. கடைசியில் குழாய்க்குள் நாலு பேர் உட்கார்ந்து தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றாள். அவர்கள் வாயை அடைக்கத்தான் அன்றைக்குக் கையில் இருந்ததையெல்லாம் விழுங்கினாள்.

மருத்துவமனையிலிருந்து வந்தவளுக்கு உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. கண் மட்டும் இன்னும் வீடு வந்து சேரவில்லை. கை கழுவப் போனவள் சோப்பு அடைத்த ஓட்டைகளை விரலால் தடவினாள்.

"இது என்னப்பா?"

"தாழ்ப்பாள் கெட்டுப் போச்சு."

"சோப்பு வச்சா சரியாயிடுமா?"

அவர் தரையைப் பார்த்தார். பொய்யை ஒரு வரிக்கு மேல் இழுக்க அவருக்கு வராது. அப்புறம்தான் தயங்கித் தயங்கி அந்த ஏற்பாட்டைச் சொன்னார்.

ஏற்பாடு அவருடைய வேலையிடத்திலிருந்து வந்தது. ஆலையில் எண்ணெய்த் தொட்டிகளைக் கழுவும் கூட்டத்தில் அவர் வாசல்காரர். அவர் வேலை நிற்பதுதான். இரும்புத் தொட்டியின் தலையில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு வாய் இருக்கும். அதன் வழியாக ஒருவன் முகமூடி மாட்டிக்கொண்டு இறங்கி அடிவண்டலைச் சுரண்டுவான். வெளியே வாசல்காரர் அவன் இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பேசினால் கேட்காது. அதனால் உள்ளே இருப்பவன் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஸ்பேனரால் சுவரில் மூன்று தட்டு தட்டுவான். இருக்கிறேன் என்று அர்த்தம். வெளியே நிற்பவர் கயிற்றை ஒரு சுண்டு சுண்டிவிட்டு "சரி" என்பார். அந்தச் சரி உள்ளே போய்ச் சேராது, ஆனாலும் சொல்லிச் சொல்லிப் பழக்கம். தட்டு நின்றால் சைரனை அழுத்த வேண்டும். இறங்கக் கூடாது. இறங்கினால் ஒருவருக்குப் பதில் இரண்டு பேரைத் தூக்க வேண்டிவரும்.

"கோவிச்சுக்காத பாப்பா. உள்ள இருக்கும்போது அப்பப்ப வாளியில மூணு தட்டு தட்டு. எனக்கு அது போதும்."

"நான் என்ன எண்ணெய் சுரண்டவா போறேன்?"

"குளிக்கத்தான் போற. தட்டிட்டுத்தான் குளியேன்."

தட்டினாள். அவர் கதவுக்கு முதுகைக் காட்டி நின்று "சரி" என்றார்.

காலையும் மாலையும் மாத்திரையை அவள் உள்ளங்கையில் வைப்பார். அவள் விழுங்கிவிட்டு நாக்கை நீட்டிக் காட்டுவாள். சில நாள் பழைய மாத்திரைக்கு உடம்பு ஏங்கும். அப்போது பல் கிட்டிக்கும், டீ டம்ளரைப் பிடிக்கும் கை தந்தியடிக்கும். அவர் டம்ளரின் அடியில் தன் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொள்வார்.

ஒருநாள் அவருடைய அக்கா பழப்பையோடு வந்தாள். தம்பி குளியலறை வாசலில் நிற்பதைப் பார்த்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தாள்.

"ஏன்டா, மூளை பிசகினது அவளுக்கா உனக்கா? வயசுப் பொண்ணு குளிக்கிற எடத்துல சிப்பாய் மாதிரி நிக்கிற."

"கொஞ்சம் சும்மா இரேன் அக்கா."

"நான் சும்மா இருந்தா நீ அவளுக்கு மூக்கணாங்கயிறே போட்டுடுவ."

"அத்தை, அதுக்குத்தான் அளவு எடுக்கிறாரு," என்றது உள்ளேயிருந்து குரல். கூடவே ஒரு சிரிப்பு. அந்த வீட்டுச் சுவர்கள் மறந்துபோயிருந்த சிரிப்பு. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழம் அழுகல் என்று கடைக்காரனைத் திட்டினாள்.

மாதக் கடைசியில் டாக்டரம்மாவிடம் போனார்கள். "யாரும் இல்லாதப்ப ஏதாவது சத்தம் கேக்குதாம்மா?" என்று டாக்டரம்மா மகளிடம் கேட்டார்.

"இல்ல டாக்டர். குழாய்ல தண்ணிதான் வருது."

டாக்டரம்மா சிரித்துவிட்டு அப்பா பக்கம் திரும்பினார். "மாத்திரையப் பாத்துக்கங்க. ஆனா அவளையே பாத்துக்கிட்டு இருக்காதீங்க. ரெண்டும் வேற வேற."

அவர் தலையாட்டினார். சத்தம் கேட்கிறதா என்ற அந்தக் கேள்வி மட்டும் அவர் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அது தன்னிடம் கேட்கப்பட்டதல்ல என்று பஸ்ஸில் வரும்போது நாலைந்து முறை சொல்லிக்கொண்டார்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அவரோடு சீட்டி என்று ஒருவன் வேலை பார்த்தான். எந்நேரமும் சீட்டியடிப்பதால் அந்தப் பெயர். ஒரு மத்தியானம் அவன் தொட்டிக்குள் இருந்தான், இவர் வாசலில் இருந்தார். தட்டு வந்தது, கயிற்றைச் சுண்டினார், சரி என்றார். மறுபடி தட்டு, மறுபடி சரி. வேலை முடியும் நேரத்தில் அவன் ஏறி வரவில்லை. கயிற்றை இழுத்தால் பாரம்தான் வந்தது. அவன் உயிர் போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றார்கள். கடைசி வரைக்கும் தட்டினான் என்று விசாரணையில் இவர் சொன்னார். இரும்பு வெயிலில் முனகும், அதைத் தட்டு என்று நினைத்திருப்பாய் என்று மேஸ்திரி தோளைப் பிடித்துச் சொன்னார். யாரும் குற்றம் சொல்லவில்லை. அந்த இரும்பின் முனகலை நம்பித்தான் அவர் ஏழு வருஷமாகச் சோறு தின்றுகொண்டிருந்தார்.

டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்து பத்து நாள் இருக்கும். விடுமுறை நாள், பகல் பதினொரு மணி. குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. அவர் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். மூன்று தட்டு கேட்டது. "சரி," என்றார். இன்னும் கொஞ்சம் பொறுத்து மறுபடி மூன்று. "சரி."

"யார்கிட்டப்பா சரி சொல்றீங்க?"

மகள் எதிரே தெருக்கதவில் நின்றாள். தோளில் மாடிக்கொடியிலிருந்து எடுத்து வந்த துணி.

அவர் திரும்பிக் கதவைத் தள்ளினார். வாளி கவிழ்ந்திருந்தது. தரையில் ஒரு சொட்டு ஈரமில்லை.

"நீ... இப்பத்தான தட்டின?"

அவள் துணியை நாற்காலியில் போட்டாள். மெதுவாகச் சொன்னாள். "நான் தட்டுறத நிறுத்தி எட்டு நாளாச்சுப்பா. மொத நாள் தட்டாம இருந்துட்டு, நீங்க கதவ இடிக்கப் போறீங்கன்னு பயந்துக்கிட்டே நின்னேன். நீங்க சரின்னீங்க. என்னை நம்பி விட்டுட்டீங்கன்னு நெனச்சேன்."

எட்டு நாள். எட்டு நாளும் அவருக்குத் தட்டு கேட்டிருந்தது. இங்கே இருந்தது மரக்கதவும் பிளாஸ்டிக் வாளியும். முனகுவதற்கு இரும்பு இல்லை, வெயில் இல்லை.

அவர் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். "அப்ப அன்னைக்குத் தொட்டியிலயும்..." என்றார்.

அவள் அவருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். டாக்டரம்மா கேட்கும் அதே வரிசையில், அதே நிதானத்தில் கேட்டாள்.

"ஒரே எடத்துலருந்து வருதா, சுத்தியும் வருதா?"

"சுவத்துக்கு அந்தப் பக்கத்துலருந்து."

"எதையாவது செய்யச் சொல்லுதா?"

"இல்ல. இருக்கேன்னு சொல்லுது. அவ்வளவுதான்."

"எத்தனை நாளா?"

அவர் சீட்டியின் கதையை முதல் தடவையாக முழுசாகச் சொன்னார். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று அவள் சொல்லவில்லை. அப்படிச் சொல்லக் கேட்டு நொந்தவள் அவள்.

"எனக்கு வந்த நாலு பேரும் திட்டத்தான் செஞ்சாங்க. உங்களுக்கு வந்தவர் பரவாயில்ல, நல்லவரா இருக்காரு," என்றாள்.

பிறகு கேட்டாள். "நாளைக்குத் தொட்டியில யாருப்பா?"

"மொட்டைன்னு ஒரு பையன். கல்யாணமாகி ஆறு மாசந்தான் ஆகுது."

"அவர் தட்டாம விட்டா உங்களுக்குத் தெரியுமா?"

அவர் தன் கையைப் பார்த்தார். கயிறு பிடித்துத் தோல் காய்த்துப்போன கை. அவள் எழுந்து போய் ஃபோனை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தாள்.

"மேஸ்திரிக்கு நீங்களே போடுங்க. என்னைப் பத்தி டாக்டர்கிட்ட நீங்க சொன்னீங்கல்ல, அப்ப நானே சொல்லியிருக்கணும்னு ரொம்ப நாள் இருந்துச்சு."

மேஸ்திரி எடுத்தார். "நாளைக்கு வாசலுக்கு வேற ஆளப் போடுங்க," என்றார் இவர்.

"ஏன்யா, காய்ச்சலா?"

ஆமாம் என்றால் முடிந்துவிடும். மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். "இல்ல மேஸ்திரி. எனக்குத் தட்டாததும் கேக்குது."

மேஸ்திரி குரலைத் தாழ்த்தினார். "அப்ப, சீட்டி..."

"ஆமா."

"நாளைக்கு நேர்ல வா," என்று மேஸ்திரி வைத்துவிட்டார். அந்தக் குரலில் கோபமா வேறேதாவதா என்று இவருக்குப் பிடிபடவில்லை. டாக்டரம்மாவிடம் அடுத்த முறை போகும்போது இரண்டு பேருக்கும் ஆஸ்பத்திரிச் சீட்டு போடச் சொல்லலாம் என்றாள் மகள். அவர் மறுக்கவில்லை.

டீத்தூள் டப்பாவை அவளே எட்டி எடுத்தாள். "வந்த அன்னைக்கே தெரியும், இங்கதான் இருக்குன்னு."

அவர் ஆணியால் சோப்பைத் தோண்டி எடுத்து, ஓட்டைக்குள் தீக்குச்சியை ஒடித்துச் செருகி, தாழ்ப்பாளை வைத்துத் திருகினார். மூன்று பிடித்தன. சில்லு பெயர்ந்த நான்காவது சுற்றிச் சுற்றி வந்ததே தவிரப் பிடிக்கவில்லை. அதை அப்படியே விட்டார்.

"போதுமா பாப்பா?"

"எனக்குப் போதும். உங்களுக்கு?"

அவர் தரையில் விழுந்த சோப்புத் துகளைக் கூட்டினார். அவள் துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. கால்களை வலுக்கட்டாயமாக இழுத்துக்கொண்டு சமையலறை ஜன்னலுக்குப் போய் நின்றார். வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அதையே பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் மூன்று தட்டு. தெளிவாக, பக்கத்தில்.

உதட்டை இறுக்கிக்கொண்டார். அதையும் மீறி வந்துவிட்டது. "சரி."

உள்ளே குழாய் நின்றது.

"அது நான் இல்லப்பா."

"தெரியும்," என்றார்.

தண்ணீர் மறுபடி விழத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் மூன்று. இந்த முறை அவர் சொல்லவில்லை. ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவன் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தான்.