மீற்றரில் ஐம்பத்துநான்கு

அப்பாவின் படகில் பற்றரி மீற்றர்ப் பெட்டி மூடியின் நாலாவது ஆணி திரும்ப மறுத்தது. உப்புப் பிடித்து இறுகியிருந்தது. கோபிகா சேலைத் தலைப்பை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு ஸ்குரூ ட்றைவரை அழுத்தித் திருப்பினாள். வழுக்கியது. இன்னொரு தரம் அழுத்தினாள்.

மயிலிட்டித் துறைமுகத்தில் அன்று ஒரு படகும் தொழிலுக்குப் போகவில்லை. ஊர் முழுக்க அவளுடைய வீட்டுப் பந்தலுக்குள் இருந்தது. பறைமேளம் இங்கே வரைக்கும் கேட்டது. சுண்ணம் இடித்து, வாய்க்கரிசி போட்டு, இரண்டு மணிக்கு அப்பாவை எடுத்துவிடுவார்கள். இப்போது ஒன்று இருபது. தகப்பன் கூடத்தில் கிடக்க மகள் பின்வேலியால் புகுந்து துறைமுகத்துக்கு ஓடுவது எந்த ஊரிலும் நடக்காத காரியம்தான். ஆனால் காலையில் அண்ணன் அத்தனை சனத்துக்கும் முன்னால் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் அவளால் அந்த முகத்துக்கு வாய்க்கரிசி போட முடியாது.

"ரேடியோ செத்துப்போச்சு. எஞ்சின் பிடிக்கேல்லை. உன்ரை மீற்றர் மட்டும் ஐம்பத்திநாலு எண்டு காட்டிக்கொண்டு நிண்டது. அரைவாசிக்கு மேலை கிடக்கு எண்டு நம்பித்தானே அந்த மனுசன் லைற் எல்லாத்தையும் எரிய விட்டவர்? சொல்லு! என்னத்தைப் பூட்டி வைச்சனீ?"

அண்ணன் பிரகலாதன் கடல் தொழில்காரன் அல்ல. கொழும்புக்கு மீன் ஏற்றும் கூலர் வாகனம் ஓட்டுகிறவன். அப்பாவோடு வழக்கமாகப் போகிறவருக்குக் காய்ச்சல் என்பதால் முந்தாநாள் இரவு மட்டும் துணைக்குப் போனான். நேற்று விடியப்புறம் இரண்டு மணிக்கு அப்பா தம்பிஐயா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். கரைக்குக் கூப்பிட ரேடியோ இல்லை, திரும்ப எஞ்சின் இல்லை, கைத்தொலைபேசிக்குச் சிக்னல் கோடு இல்லை. நாலு மணித்தியாலம் படகு மிதந்தபடி கிடந்தது. வேறொரு படகு கண்டு கட்டி இழுத்து வந்தபோது அவர் மகனின் மடியிலேயே முடிந்திருந்தார். "கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால்..." என்று தொடங்கிய டொக்டர் அதை முடிக்கவில்லை. முடிக்காத அந்த வசனத்தைத்தான் பிரகலாதன் நேற்றிலிருந்து வீடு முழுக்கக் காவிக்கொண்டு திரிந்தான்.

ஆணி கழன்றது.

யாழ்ப்பாணம் ரவுனில் சோலர் பூட்டும் கடை ஒன்றில் கோபிகாவுக்கு வேலை. கூரை ஏறுகிற பெட்டை என்று ஊரில் பெயர். அந்தப் பெயரில் தம்பிஐயாவுக்கு உள்ளூரப் பெருமை, வெளியே காட்டமாட்டார். மூன்று கிழமைக்கு முதல் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தப் படகில் அவள் மீற்றரைப் பூட்டியபோது அவர் பக்கத்தில் குந்தியிருந்து ஒவ்வொரு வயரையும் தொட்டுத் தொட்டுக் கேள்வி கேட்டார்.

"உது பற்றரிக்குள்ளை எட்டிப் பாக்குமே?"

"இல்லையப்பா. போற கரண்டையும் வாற கரண்டையும் எண்ணும்."

"அப்ப கொம்மா மாதிரி. நான் படலையாலை போறதையும் வாறதையும் எண்ணுறவள்."

மீற்றர் நாலு இலக்கங்களை மாறி மாறிக் காட்டக்கூடியது. வோல்ற், அம்பியர், மிச்ச நேரம், நூற்றுக்கு எவ்வளவு மிச்சம் என்கிற வீதம். தம்பிஐயாவுக்கு இலக்கங்கள் என்றால் வேப்பங்காய். "கனக்கக் காட்டினால் எனக்குத் தலை சுத்தும் பிள்ளை. ஒண்டு காணும்" என்றார். அவள் மற்ற மூன்றையும் மறைத்து வீதத்தை மட்டும் விட்டாள். நூறு என்றால் நிறைய, ஐம்பதுக்குக் கீழே போனால் லைற்றை நிப்பாட்டி எஞ்சினைப் போட வேணும். அவ்வளவுதான் பாடம். அவர் அதைப் பிள்ளை வாய்ப்பாடு சொல்வதுபோல இரண்டு தரம் திருப்பிச் சொன்னார்.

மூடிக்குள்ளே ஷண்ட் என்கிற அந்தப் பித்தளைக் கட்டை அவள் பூட்டிய இடத்தில் அப்படியே இருந்தது. பற்றரியின் மைனஸ் பக்கத்தால் போகிற கரண்ட் எல்லாம் அதைத் தாண்டித்தான் போகவேண்டும். ஒரு வயரைத் தப்பித்தவறி அதைத் தாண்டாமல் நேரே பற்றரியில் பூட்டிவிட்டால் அந்த வயரால் போவது எண்ணிக்கையில் வராது, மீற்றர் பொய் சொல்லும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் விடுகிற பிழை அதுதான். அந்தப் பிழைக்கு அவள் எத்தனை பேரை ஏசியிருப்பாள்! நேற்று இரவு முழுக்க அவளை நித்திரை கொள்ளவிடாததும் அதுதான்.

லைற் வயரை விரலால் பிடித்துக்கொண்டு போனாள். சரி. ரேடியோ, சரி. ஜீபிஎஸ், சரி. தண்ணீர் இறைக்கும் பம்ப், அதுவும் சரி. மீற்றரை அமத்தி, பற்றரியின் கொள்ளளவு என்று தான் உள்ளே போட்ட இலக்கத்தைப் பார்த்தாள். இருநூறு. நூறு அம்பியர் பற்றரி இரண்டு, மொத்தம் இருநூறு. அதுவும் சரி.

எல்லாம் சரி என்றால் அப்பா ஏன் செத்தார்?

பற்றரிகள் பின்தளத்துப் பலகைக்குக் கீழே இருந்தன. எஞ்சின் எண்ணெய் ஊறிய பலகையைக் கிளப்பினாள். ஒரு பற்றரி இருந்தது. மற்றது இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு நீள்சதுரம். அதன் வயர் முனைகள் இரண்டும் சிவப்பு ஒட்டு ரேப்பால் பக்குவமாகச் சுற்றிக் கட்டப்பட்டிருந்தன. அது அப்பாவின் கைவேலை. வேறு யாரும் ரேப்பின் நுனியை அப்படி மடித்து விடமாட்டார்கள்.

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. மீற்றர் இருநூறிலிருந்து கழித்துக்கொண்டே போயிருக்கிறது. கடலில் இருந்ததோ நூறு. தொண்ணூற்றிரண்டு செலவானபோது பற்றரி சாகக் கிடந்திருக்கும், எஞ்சினைத் திருப்பவோ ரேடியோவுக்கோ அதில் ஒன்றும் இருந்திராது. மீற்றர் பாவம், மிச்சம் நூற்றெட்டு, ஐம்பத்துநான்கு வீதம் என்று உண்மையாகவே நம்பிச் சொல்லியிருக்கிறது.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோசம். அதை மறைக்க ஒன்றுமில்லை. என்னில் பிழையில்லை, என்னில் பிழையில்லை என்று நெஞ்சு துள்ளியது. அடுத்த கணமே தகப்பனின் படகில் முழங்காலில் நின்று அப்படித் துள்ளியதை நினைக்கக் கூசியது.

யாருக்குக் கொடுத்தார் என்று தேடித் திரிய வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் கட்டிக்கிடந்தது, அப்பாவை அண்ணை என்று கூப்பிடுகிற கந்தப்பரின் சின்னப் பைபர் வள்ளம். அதன் முன் அணியத்தில் தறப்பாள் ஒரு பக்கம் விலகியிருந்தது. அதற்குக் கீழே பற்றரி. அதன் நெற்றியில் வெள்ளை மையில் அவளுடைய கையெழுத்து, பூட்டிய திகதியும் இரண்டு என்ற இலக்கமும்.

"பிள்ளை..."

இறங்குதுறையில் கந்தப்பர் நின்றார். தோளில் துவாய், கையில் சைக்கிள். நேற்று முழுக்கப் பந்தலுக்கு மரம் ஊன்றியது, ஐயருக்குச் சொல்லப் போனது, சனம் இருக்க வாங்கு தூக்கியது எல்லாம் அவர்தான். சொந்தக்காரர்களைவிடக் கூடுதலாக அழுததும் அவர்தான்.

"அம்மா தேடுறா. எடுக்கப் போகினம்."

அவள் கண் எங்கே நிற்கிறது என்று அவர் பார்த்தார். தறப்பாளைப் பார்த்தார். பிறகு சைக்கிளின் மணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் ஏதாவது சொல்லுவார் என்று அவள் காத்திருந்தாள். அவள் ஏதாவது கேட்பாள் என்று அவரும் காத்திருந்திருப்பார். இருவரும் பலகையை மூடாமலே புறப்பட்டார்கள். அவர் சைக்கிளில் ஏறவில்லை. வீடு வரைக்கும் அவளுக்குப் பின்னால் உருட்டிக்கொண்டே வந்தார்.

பாடையை முற்றத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். கட்டுகளைச் சரிபார்க்க ஆள் தேட, கந்தப்பர் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டுப் போய் ஒரு முனையில் குந்தினார். பிரகலாதன் தலையில் வார்த்த தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றான். தங்கையின் கையிலிருந்த கறுப்பு எண்ணெயைக் கண்டதும் அவன் முகம் மாறியது.

"போய்ப் பாத்தனியோ?"

"ஓம்."

"பிழைதானே?"

மேளம் அடித்தவர்கள் கூட நிறுத்திவிட்டார்கள். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் தலை நிமிர்த்தினார்கள். தாய் ஞானாம்பிகை அப்பாவின் கால்மாட்டில் இருந்தபடி கூடத்து வாசலால் அவளையே பார்த்தாள்.

"மீற்றரிலை பிழையில்லை, அண்ணை."

அடுத்த வசனத்தில் ஒரு ஆளின் பெயர் வரவேண்டும். அந்தப் பெயர் வந்தால் இந்த முற்றத்தில் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். கடலில் நாலு மணித்தியாலம் தகப்பனை மடியில் வைத்திருந்தவன் சும்மா விடுவானா?

"பிழையில்லாட்டி?" பிரகலாதன் கத்தினான். "பிழையில்லாட்டி என்ரை அப்பா ஏன் செத்தவர்? ஆரும் எனக்குச் சொல்லுங்கோவன்!"

"மற்றப் பற்றரி என்ரை வள்ளத்திலை கிடக்கு."

கந்தப்பர் எழும்பி நின்றார். கயிற்று நுனி இன்னும் கையில் இருந்தது.

"என்ரை பற்றரி பழுதாப் போச்சு, தம்பி. லைற் இல்லாமல் போனால் இழுவைமடி றோலர்காரன் வள்ளத்துக்கு மேலாலை ஏத்திப்போட்டுப் போயிடுவான். ஒரு கிழமைக்குத் தாங்கோ எண்டு நான்தான் கேட்டனான். அப்ப உங்களுக்கு, அண்ணை, எண்டும் கேட்டனான். அவர், எனக்கு ஒண்டு காணும், மகள் பூட்டின மீற்றர் கிடக்கு, எவ்வளவு மிச்சம் எண்டு அது சொல்லும் எண்டு சொல்லித் தானே கழட்டித் தந்தவர். நேற்றே சொல்லியிருக்க வேணும். எனக்குப் பயம், தம்பி."

மகள் பூட்டின மீற்றர் சொல்லும். அந்தச் சொல்லைக் கோபிகா தனக்குள் இன்னொரு தரம் சொன்னாள்.

பிரகலாதன் ஒரே எட்டில் போய் அவருடைய தோள் துவாயைக் கொத்தாகப் பிடித்தான். அவர் கையை உயர்த்தித் தடுக்கவில்லை. இரண்டு மூன்று பேர் எழும்பினார்கள்.

"விடு" என்றாள் ஞானாம்பிகை. இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. "குடுத்தது உன்ரை கொப்பர்."

பிடி தளர்ந்தது. முற்றத்தில் இருந்த சனத்தின் கண்கள் கோபிகாவை விட்டு நீங்கிக் கந்தப்பரில் போய் நின்றன. பக்கத்தில் இருந்த அத்தை ஒருத்தி, "பாவம், பிள்ளையைப் போட்டு அந்தப் பாடு படுத்தினாங்கள்" என்று அவள் முதுகைத் தடவினாள். இத்தோடு விட்டால் விட்டதுதான். இனி இந்த ஊரில் ஒருவரும் அவளை ஒரு சொல் சொல்லமாட்டார்கள்.

"அண்ணை" என்றாள் கோபிகா. "ஒரு பற்றரியைக் கழட்டினால் மீற்றரிலை இலக்கத்தையும் மாத்த வேணும். இல்லாட்டி அது பொய்தான் சொல்லும். நான் அதை அப்பாட்டைச் சொல்லேல்லை. வோல்ற்றையும் மறைச்சு வைச்சனான், அது விழுறதைக் கண்டாவது தெரிஞ்சிருக்கும். கேட்டிருந்தால் வந்து மாத்திக் குடுத்திருப்பன். அவருக்குக் கேக்க வேணும் எண்டே தெரியாது."

அத்தையின் கை முதுகிலிருந்து எடுபட்டது.

பிரகலாதன் தங்கையைப் பார்த்தான், கந்தப்பரைப் பார்த்தான். இரண்டு நாளாகச் சுமந்து திரிந்த கோபத்தை எங்கே இறக்குவது என்று தெரியாமல் நின்றான். தாடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஐயர் மெல்லச் செருமி, நேரம் போகிறது என்றார்.

வாய்க்கரிசி போட அவளைக் கூப்பிட்டார்கள். போட்டாள். எண்ணெய்க் கையால் போட்டதில் அரிசி சில விரல்களிலேயே ஒட்டிக்கொண்டது. தாய் அவள் கையைப் பிடித்து அந்த மணிகளைத் தட்டிவிட்டாள். பிறகு அந்தக் கையை விடாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

அவரைப் பாடையில் கிடத்தினார்கள். நாலு மூலைக்கும் ஆள் வேண்டும். கந்தப்பர் கயிற்றைப் போட்டுவிட்டுப் பந்தல் மரத்தோடு ஒதுங்கி நின்றார். ஆட்கள் அவரைத் தாண்டிப் போய்ப் பின் மூலைகள் இரண்டையும் முன்னால் ஒன்றையும் பிடித்தார்கள். முன்னால் மற்ற மூலை வெறுமையாக இருந்தது. ஒருவரும் அதற்குப் போகவில்லை.

பிரகலாதன் கொள்ளிக்குடத்தைத் தோளில் வாங்கினான்.

"மாமா" என்றான், கந்தப்பரின் முகத்தைப் பார்க்காமல். "முன்னாலை பிடியுங்கோ."

பெண்களுக்குப் படலையோடு எல்லை. கோபிகா படலைக் கதவைப் பிடித்தபடி நின்றாள். மற்ற மூன்று பேரும் நல்ல வளர்த்தி. கந்தப்பர் அவர்களின் தோளுக்குத்தான் வருவார். குதிக்காலை ஊன்றாமல் எட்டி எட்டி நடந்தார். ஒருவன் ஓடிப்போய் மாறிப் பிடிக்கக் கை நீட்டினான். அவர் தலையை ஆட்டி மறுத்தார். ஒழுங்கை திரும்பும்வரை பாடை அந்தப் பக்கம் சரிந்தபடியே போனது.