கிரேன்காரர் கட்டிய பாட்டு

தொழிற்சாலை கேண்டீனில் மேசைகளை ஓரங்கட்டி மேடை போட்டிருந்தார்கள். கிரேன் ஓட்டுபவர் ஒருவருக்கு அன்று மதியம் பணி ஓய்வு விழா. பாட்டுக் குழுவில் மூன்றே பேர். பேஸ் கிட்டார் அவள், டிரம்ஸ் அவள் கணவன். கீபோர்டு வாசித்தவர் பள்ளியில் கணக்கு எடுப்பவர். அதனால் எல்லோருக்கும் கணக்கு சார்.

மற்ற நாட்களில் அவள் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள். ஊசியைக் கண்டதும் யார் கையை இழுத்துக்கொள்வார்கள் என்று தோளைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

விழா தொடங்கக் கால்மணி நேரம் இருந்தபோது, மடித்த தாளோடு கிரேன்காரர் வந்து நின்றார்.

"தங்கச்சி, நானும் ஒரு பாட்டு பாடணும். வீட்டம்மாவுக்காக நானே கட்டினது. அவளுக்கே தெரியாது."

"தாராளமா பாடுங்கண்ணே. ஒரு தடவை பாடிக் காட்டுங்க."

"இப்பப் பாடினா அவ காதுல விழுந்துடும். அதோ, முன் வரிசையிலதான் இருக்கா."

கணக்கு சாருக்கு முகம் வெளிறிவிட்டது. "ஒரு சரணத்துக்குத் தாளம் எத்தனை பார்னாவது சொல்லுங்க, எண்ணிக்கிறேன்," என்றார்.

"பாரா? நான் அந்தப் பக்கமே போறதில்லீங்க சார்!"

அவள் கணவன் எதையோ தேடுவதுபோல் டிரம்ஸுக்குப் பின்னால் குனிந்துகொண்டான்.

"நீங்க பாடுங்கண்ணே. நாங்க கூடவே வர்றோம்," என்றாள் அவள். ஒப்புக்குச் சொல்லவில்லை. எத்தனையோ பேர் பின்னால் நின்று வாசித்தவள். வரமுடியும் என்று அவளுக்குத் தெரியும். அவர் போனதும் சாரிடம், "நீங்க எதையும் எண்ண வேணாம் சார். என் இடது கையைப் பாருங்க, போதும்," என்றாள்.

முறை வந்தது. கிரேன்காரர் யாருக்கும் சைகை காட்டாமல் எடுத்த எடுப்பிலேயே பாடத் தொடங்கினார்.

"எட்டாத உயரத்துல நான் இருந்தாலும்
சாப்பாட்டு டப்பாவத் தொறந்தா நீ இருக்கே..."

இரண்டாவது வரி முடியும் முன் அவளுக்குச் சுருதி பிடிபட்டது. அவள் அடியில் ஒரே ஒரு சுரத்தை வைத்தாள். அவர் குரலில் இருந்த நடுக்கம் சற்றுக் குறைந்தது. ஆனால் மனிதர் தாளத்துக்கு அடங்குகிறவராக இல்லை. பிடித்த சொல்லை மூச்சு உள்ளவரை இழுத்தார், பிடிக்காததை விழுங்கினார். அவள் அவர் தோளையே பார்த்தாள். ஒவ்வொரு வரிக்கும் முன் தோள் ஏறியது. அது ஏறும்போது அவளும் நகர்ந்தாள். கணவன் குச்சிகளை வைத்துவிட்டு, சத்தம் அடங்கி ஒலிக்கும் கம்பிப் பிரஷை எடுத்தான். சார் பதற்றத்தில் இடைவெளிகளையெல்லாம் குட்டிக் குட்டிச் சங்கதிகளால் அடைத்துக்கொண்டிருந்தார். அவள் வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தாள். சார் வலது கையை மடியில் வைத்துக்கொண்டார். பாட்டுக்குக் காற்று வந்தது.

இரண்டாவது சரணத்தில் கிரேன்காரர் மனைவியைப் பார்த்துத் தொலைத்தார். பாட்டு நின்றது.

இவர்கள் நிற்கவில்லை. அவள் இரண்டே சுரங்களுக்கு இடையே போய்ப் போய் வந்தாள், அவசரமே இல்லாமல், அந்த இடம் பாட்டிலேயே இருப்பதுபோல. மூன்றாவது சுற்றில் சாரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். அவர் கிரேன்காரரின் முதல் வரி மெட்டை மெல்ல வாசித்தார். முன் வரிசை அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தோள் ஏறியது. மீண்டும் பாடினார், ஆனால் அரை சுரம் மேலே! சாரின் விரல் அந்தரத்தில் நின்றது. அவள் விரலை ஒரு கட்டம் மேலே சறுக்கினாள். கணவன் அதே நொடியில் சிம்பலை உருட்டி எழுப்பினான். சுருதியை வேண்டுமென்றே ஏற்றியது போலிருந்தது. கூடம் கைதட்டியது. இருபது வருடமாக அவனோடு குடித்தனம் நடத்துகிறாள். அந்த நொடியில் அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

முடிந்ததும் அந்த அம்மாள் மேடையருகே வந்தாள். "எத்தனை நாள் பழகினீங்க?"

கிரேன்காரர் திருதிருவென்று விழித்தார். "ரெண்டு மாசமா எங்ககிட்ட வந்து பழகுறாருங்க," என்றாள் அவள், வயரைச் சுருட்டியபடியே.

"ஓ! வாக்கிங் போறேன்னு தினம் கிளம்பினது உங்ககிட்ட வரத்தானா?"

அவர் எங்கே போய்க்கொண்டிருந்தாரோ, அவருக்குத்தான் வெளிச்சம். "ஆமா," என்றார் பட்டென்று. அன்று முழுக்க அவர் சரியான நேரத்தில் நுழைந்தது அந்த ஒரு இடத்தில்தான். சார் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.