பத்தாவது மன்னிப்புக் கடிதம்

எங்கள் மகள் கரோலுக்காக நான் இதுவரை ஒன்பது மன்னிப்புக் கடிதங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான் அஞ்சலகத்தில் எழுத்தராக இருப்பவன். கடிதம் எழுதுவது எனக்குச் சிரமமில்லை. என்ன நடந்தது, ஏன் நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லி, 'தங்களுக்கு நேர்ந்த இடையூறுக்கு வருந்துகிறேன்' என்று முடிப்பேன். என் கையெழுத்தைப் பள்ளியில் பாராட்டியும் இருக்கிறார்கள்.

கரோல் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கு ஏ.டி.எச்.டி. என்ற கவனச்சிதறலும் மிகைத் துறுதுறுப்பும் இருப்பதாக மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகு, சென்ற ஜூன் மாதம் பள்ளியில் அவளுக்கென்று ஒரு தனிக் கல்வித் திட்டம் தயாரித்தார்கள். முதல் பெஞ்சில் இடம், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்க அனுமதி, தேர்வில் அரை மணி கூடுதல். தலைமை ஆசிரியை ரத்னா அவர்களும் நானும் அதில் கையெழுத்திட்டோம். பிறகு அந்தத் தாளை யாரும் எடுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. அவள் எழுந்தால் வெளியே நிறுத்துவார்கள். மறுநாள் நான் கடிதம் கொடுப்பேன்.

சென்ற திங்கட்கிழமை மறுபடியும் வரச் சொன்னார்கள்.

"இந்த வாட்டி இன்னா எழுதப் போறீங்க?" என்றாள் என் மனைவி மர்சலின். "அவ பொறந்ததுக்கும் சேத்து ஒரு வரி போட்டுடுங்க."

"நான் ஒண்ணும் பண்ணலப்பா," என்றாள் கரோல், ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே. "காலுதான் எழுந்துச்சு. நான் சும்மா கூடப் போனேன்."

ரத்னா அவர்களின் மேசையில் என் ஒன்பது கடிதங்களும் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. அருகில் ஒரு வெள்ளைத்தாள்.

"உக்காருங்க மிஸ்டர் பிலிப். நீங்க படிச்சவர், புரிஞ்சுப்பீங்க. இவளுக்கு வேற ஸ்கூல்தான் நல்லது. 'எங்க விருப்பத்தின்பேர்ல டி.சி. வாங்கிக்கிறோம்'னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க."

"எங்களுக்கு அப்படி விருப்பம் இல்லைங்களே மேடம்."

"தப்பு உங்க பொண்ணு மேலன்னு ஒன்பது தடவை நீங்களேதான ஒத்துக்கிட்டு எழுதியிருக்கீங்க? நாங்களா சொல்றோம்?"

பணிவு என்று நினைத்து நான் எழுதியதெல்லாம் என் மகளுக்கு எதிரான வாக்குமூலமாக அங்கே கிடந்தது. முதல் கடிதத்தைப் படித்துப் பார்க்க அனுமதி கேட்டு, சத்தமாகவே படித்தேன்.

"'கடைசி பெஞ்சுக்கு மாற்றப்பட்ட என் மகள், பாடத்தின் நடுவே எழுந்து முன்னால் வந்தமைக்கு வருந்துகிறேன்.' மன்னிக்கணும் மேடம், அடுத்ததையும் படிச்சுடறேன். 'கூடுதல் நேரம் தரப்படாததால் விடைத்தாளைக் கிழித்தமைக்கு...'"

நான்காவது கடிதத்தில் அவர் கையை உயர்த்தினார். "போதும் மிஸ்டர் பிலிப்."

"இன்னும் அஞ்சு இருக்குங்க மேடம். எல்லாத்துலயும் தேதி போட்டிருக்கேன்."

வெள்ளைத்தாளை என் பக்கம் இழுத்து எழுதினேன்: 'என் மகள் கரோல் இப்பள்ளியிலேயே தொடர்ந்து படிப்பாள். ஜூன் மாதம் தாங்கள் கையெழுத்திட்ட திட்டத்தை இன்றே நடைமுறைப்படுத்தவும். அது மீறப்பட்ட ஒன்பது நாள்களின் விவரம் தங்களிடம் உள்ள என் கடிதங்களில் இருக்கிறது.' அதையே இன்னொரு தாளில் நகல் எடுத்து நீட்டினேன்.

"இதுல பெற்றுக்கொண்டதா ஒரு சீல் வச்சுக் குடுத்துடுங்க மேடம்."

"மிரட்டுறீங்களா?"

"இல்லைங்க மேடம். எங்க ஆபீஸ்ல தபால் வாங்கினா சீல் வைப்போம்."

"எனக்கு மீட்டிங் இருக்கு."

"தாராளமா போயிட்டு வாங்க. நான் லீவு போட்டுட்டுத்தான் வந்தேன்."

மூன்று பாடவேளைகள் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அவர் முத்திரையை எடுத்து ஓங்கி ஒரு குத்துக் குத்தினார்.

"இனிமே இந்த ஸ்கூல்ல உங்களுக்கு நல்ல பேர் இருக்காது," என்றார்.

"பரவாயில்லைங்க மேடம்," என்று சொல்லி எழுந்தேன். எட்டாம் வகுப்பு எந்த மாடியில் இருக்கிறதென்று கேட்டுக்கொண்டு படியேறினேன். அவள் எந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்க்க வேண்டியிருந்தது.